புன்னையடி மனை

ஒல்லாந்தர் கோட்டையில் கூலி கிடைக்கிறது என்று வந்து சேர்ந்த ஜனத்தால் கோட்டைக்குப்பம் பிதுங்கிவிட்டது. ஒரு குடிசையில் தும்மினால் நாலாவது குடிசையில் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். பச்சையென்று மிச்சமிருந்தது புன்னைத் தோப்பு ஒன்றுதான். அதன் ஓரத்தில் ஐந்து வீடு மட்டும் போடலாம், மீதி ஆடு மேயவும் வலை உலர்த்தவும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று பாடு பிரிப்பதைப் போலவே மனைக்கும் சீட்டுக் குலுக்கினார்கள்.

பெரிய புன்னையடி மனை கண்ணப்பனுக்கு விழுந்தது. சகாதேவனுக்கு உப்புத்தரையை ஒட்டிய கடைசி மனை. கண்ணப்பன் அன்னியனாக இருந்தால்கூடச் சகாதேவன் பொறுத்திருப்பான். பெண்டாட்டி காந்தாவின் அண்ணனாயிற்றே!

"இன்னா மச்சான், உன் மனையிலே உப்பு வெளையுதாமே? கொழம்புக்கு ஆச்சு" என்றான் கண்ணப்பன், நிழலில் மல்லாந்தபடி.

சகாதேவனுக்கு வயிறு எரிந்தது. காந்தா அதில் கருவாடு சுட்டெடுத்தாள். ஒரு வாரம் விறகே வாங்கவில்லை.

எட்டாம் நாள் ஊர்ப் பெரியவர் எல்லப்பனிடம் போய் நின்றான். "ஏரியிலே பாடுன்னா இன்னைக்கு அவனுக்கு, நாளைக்கு எனக்கு. தரையிலே மட்டும் இன்னாத்துக்கு நைனா ஒருத்தனே குந்திக்கினு இருக்கணும்?"

எல்லப்பன் மறுபடி ஊரைக் கூட்டினார். அமாவாசைக்கு அமாவாசை புதுச்சீட்டு என்று தீர்ப்பாயிற்று. ஓலை வீடுதானே, மூலைக்கு ஒருவராகத் தூக்கி நடந்தார்கள். அடுப்பில் கொதித்த இறால் குழம்பு ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று ஏரிக்கு அக்கரைப் பசியாவரத்துக்காரர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள்.

இரண்டாம் சீட்டில் புன்னையடி சகாதேவனுக்கு வந்தது. அந்த மாதம் முழுக்க அவன் தூங்கவில்லை. நிழலைக் காவல் காத்தான். மூன்றாம் சீட்டில் மறுபடி கண்ணப்பன்.

"அந்த எடம் யாருக்கும் வாணாம்!" என்று சகாதேவன் கத்தினான். "தோப்பாவே கெடக்கட்டும். ஆடு மேயட்டும்."

புன்னையடி விழாத மற்ற மூவரும் அந்தக் கணமே தலையாட்டினார்கள். ஆனால் முதல் மனை போனதும் இரண்டாம் மனைதான் நல்ல நிழல் என்று ஆயிற்று. அதுவும் கண்ணப்பனுக்கே விழ, அதற்கும் அதே கதி. இப்படி மனை மனையாகத் தோப்பு திரும்பி வந்தது. ஐந்து வீடும் புல்கூட முளைக்காத உப்புத்தரையில் போய்ச் சேர்ந்தன. எல்லாருக்கும் ஒரே வெயில், ஒரே உப்பு.

அன்று மத்தியானம் சகாதேவன் கால் நீட்டிப் படுத்தான். கண் சொக்கியது.

காந்தா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். "அண்ணன் வூட்டாண்ட மட்டும் காத்து இன்னாமா வருதுய்யா!"

சகாதேவன் எழுந்து உட்கார்ந்தான்.