சாமி உள்ளே இருக்கிறாரா?

பூசகரின் மனைவி காலையிலிருந்தே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஜில்லா விவரப் புத்தகத்துக்காக ஊர் ஊராகப் போய்க் கோயில்களை எழுதிவந்த குமாஸ்தா, அவர்களுடைய சமணக் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். சாமி இல்லாமல் கிடக்கும் கட்டடங்களை இடித்துக் கல்லைப் பாலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். மராமத்துக்காரர்கள் முன்தினமே வந்து மண்டபத் தூண்களைக் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள்.

குமாஸ்தா கெட்டவன் இல்லை, அவசரக்காரன். இரண்டில் எது மேல் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

"சாமி உள்ள இருக்காரா?"

பூசகர் பணிவாகச் சொன்னார். "இல்லைங்க. பிறவியெல்லாம் முடிச்சு, எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டார். சிலை அவரை நினைச்சுக்கத்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மனிதர் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவள் சமையல் வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் விருந்தாளி எதிரிலேயே போட்டு உடைக்கிற சத்தியவந்தர்! அதையெல்லாம் பொறுத்துப்போனாள். இன்றைக்குமா?

"வேண்டினா கொடுப்பாரா?"

"கொடுக்க மாட்டார். நாங்க வேண்டறதும் இல்லைங்க."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆளும் இல்ல, வரமும் இல்ல. அப்புறம் எதுக்குய்யா பூட்டும் சாவியும்?"

அவள் கணவரைத் தூண் மறைவுக்கு இழுத்தாள். "இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன். நாக்கு தேஞ்சா போயிடும்?"

"இருக்காருன்னா இன்னும் விடுதலை ஆகலைன்னு அர்த்தம். அந்தப் பழியை என் வாயால போடச் சொல்றியா?"

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேராகக் குமாஸ்தாவிடம் போனாள்.

"ஐயா, அவர் இல்லாட்டி என்ன? நாங்க இருக்கோம். தினமும் வந்து கும்பிடறோம். அதை எழுதுங்க."

அவன் கையிலிருந்த கேள்வித் தாளை மேலும் கீழும் பார்த்தான். உண்மையாகவே தேடினான், பாவம்.

"சாமி இருக்காரான்னுதாம்மா கேட்டிருக்காங்க. நீங்க இருக்கீங்களான்னு கேக்கவே இல்லையே."

தாளைப் பூசகர் பக்கம் திருப்பினான். "சொன்னபடி எழுதியிருக்கேனா, பாத்துக்குங்க."

பூசகர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'சாமி இல்லாத கட்டடம்' என்று இருந்தது. மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லாததால் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.