மூன்று மாடிப் பேட்டரி

மூன்றாம் மாடி வீட்டிலிருந்து இறங்கும் வழியில், இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஹியாம் பேட்டரியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். பழைய போர்வையைக் கிழித்து முறுக்கி அவளே கட்டிய தூளியில்தான் அதைத் தூக்கி வந்தாள். தோளில் மாட்டிக்கொண்டால் பாரம் பாதி குறையும் என்று கணவர் நஸீஹ் சொல்லியிருந்தார். குறையவில்லை. கையில் இருந்த பாரம் தோளுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

அந்த மாடியில் குடியிருக்கும் உம் ரபீஃ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்குமா?"

"இன்னைக்கு வண்டியைக் கிளப்புற நாளாம். விட மாட்டேங்கிறார்."

"எங்க போகப் போறாராம் அந்த வண்டியில? மனுஷனுக்கு மூச்சே நின்னு நின்னு வருது."

"அதை நீயே போய் அவர்கிட்ட கேளேன். எனக்குத் தெம்பில்ல."

உம் ரபீஃ தூளியின் ஒரு முனையைப் பிடிக்க வந்தாள். ஹியாம் தலையாட்டி மறுத்தாள். இரண்டு பேர் தூக்கினால் ஒருவர் காலில் ஒருவர் மிதித்துக்கொள்வார்கள். முன்னொரு முறை அப்படி ஆகி, உம் ரபீஃ ஒரு வாரம் நொண்டினாள்.

அரசாங்கக் கரண்ட் நினைத்தால் வரும். தெரு ஜெனரேட்டர்காரன் தன் நேரத்துக்குப் போட்டுத் தன் நேரத்துக்கு நிறுத்துவான். இரண்டும் இல்லாத இடைவெளிகளில் நஸீஹின் ஆக்சிஜன் மிஷின் பேட்டரியில் ஓடவேண்டும். வீட்டுக்கென்று வாங்கிய பேட்டரி வசந்த காலத்திலேயே உப்பிப்போய்ச் செத்தது. அதன்பின் கீழே தெருவில் நின்ற மெர்சிடிஸின் பேட்டரி மாடி ஏறியது. மீனா துறைமுகப் பகுதியிலிருந்து திரிப்போலி நகரச் சதுக்கம் வரை ஆட்களை ஏற்றி இறக்கி அவர் முப்பது வருஷம் ஓட்டிய டாக்ஸி அது. டாக்ஸி உரிமத்துக்கான சிவப்பு நம்பர் பலகையோடு இப்போது வாசலில் சும்மா நின்றது. ஆனாலும் வாரம் ஒருமுறை அதைக் கிளப்பியாகவேண்டும் என்பார். அதற்காக ஹியாம் பேட்டரியை இறக்கி, மாட்டி, வண்டியை ஓடவிட்டு, மறுபடி கழற்றி மேலே ஏற்றுவாள்.

காலையில் விளக்கு எரிந்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"கரண்ட் வந்துருச்சு... பேட்டரி சும்மாதானே கெடக்கு... கொண்டுபோ."

"ராத்திரி நான் கண்ணை மூடல. நாளைக்குக் கிளப்பிக்கலாம்."

"நாளைக்கு நாளைக்குன்னா... வண்டி செத்துரும், மேஸ்திரி."

பேட்டரி கழற்றப் பழகியதிலிருந்து அவளை அவர் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார். ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"செத்தா சாகட்டும். அதைக் கட்டிக்கிட்டு நான் அழணுமா?"

அவர் மூக்கில் செருகிய குழாயைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்தார். அந்த மௌனத்தை அவளால் எதிர்க்க முடிந்ததே இல்லை. பால்கனிக்குப் போய்ப் பேட்டரியைக் கழற்றினாள். கருப்பு ஒயரை முதலில், சிவப்பை அப்புறம். திரும்பி வந்தபோது அவர் சொன்னார்:

"அவசரப்படாத. எஞ்சின்... நல்லா சூடாகட்டும். டயரையும் பாரு. காத்து கம்மியா இருக்கும்."

"பாக்குறேன்."

தெருவில் வெயில் இதமாக இருந்தது. குளிர்காலம் தொடங்கியிருந்தது. கடல்காற்றில் வண்டியின் மூடியெல்லாம் உப்புப் படிந்து கிடந்தது. ஹியாம் மூடியைத் தூக்கி முட்டுக் கொடுத்தாள். பேட்டரியை அதன் தட்டில் இறக்கினாள். முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சோடா மாவு கரைத்த வெந்நீர்த் துணியால் துடைத்து, உலரவிட்டு, வாஸலின் தடவினாள். இப்போது சிவப்பு முதலில், கருப்பு பிறகு. ஸ்பேனரை ஒரு சுற்று அதிகம் முறுக்கினால் ஈய முனை விரிசல் விடும். எங்கே நிறுத்தவேண்டும் என்று அவள் மணிக்கட்டுக்கே தெரிந்திருந்தது.

சாவியைத் திருப்பினாள். வண்டி இருமி, குலுங்கி, கிளம்பியது.

டயரைப் பார்க்க இறங்கவேண்டும். ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்கலாம் என்று நினைத்தாள். அவருடைய இருக்கை அவருடைய முதுகின் அளவுக்குக் குழிந்திருந்தது. எஞ்சினின் சூடு மெல்லக் காலுக்கு வந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் இருமவில்லை. எந்த நிமிஷமும் விளக்கு அணையுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. ஹியாம் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே தூங்கிப்போனாள்.

மீன் வண்டிக்காரனின் ஹாரன் அவளை எழுப்பியது. வெயில் எதிர்ச்சுவரில் இறங்கியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றாமல், மாடிப்படி ஏறினாள். முதல் மாடியில் விளக்கு எரிந்தது. இரண்டாம் மாடியிலும் எரிந்தது. கரண்ட் போகவில்லை. அதைப் பார்த்ததும் நடையைத் தளர்த்திக்கொண்டாள்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தண்ணீர்ப் புட்டியில் குமிழிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. நஸீஹ் கதவைப் பார்த்துத் தலையைச் சாய்த்திருந்தார். குழாய் மூக்கிலேயே இருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது.

"கிளப்பிட்டேன்," என்றாள் ஹியாம்.

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கையில் இன்னும் சூடு இருந்தது. விரல்களில் இல்லை.

மிஷினை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. வெகுநேரம் அது இறந்தவருக்குக் காற்று ஊட்டிக்கொண்டே இருந்தது. உம் ரபீஃ எதற்கோ மேலே வந்து, வாசலில் நின்று பார்த்து, "இன்னா லில்லாஹி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்தான் சுவிட்சை அணைத்தாள். மிஷின் நீளமாக ஒருமுறை கூவி அடங்கியது. அந்த வீட்டில் அவ்வளவு அமைதி எத்தனையோ மாதங்களாக இருந்ததில்லை.

நஸீஹின் தம்பி ஹஸ்ஸான் வந்தான். பள்ளிவாசலுக்குச் சொல்லி, மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவரை அழைத்து, அபிஜானில் கடை வைத்திருக்கும் அவள் மகனுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் அவனே செய்தான். மகன் போனில் அழுதான். விமானம் நாளை மறுநாள்தான் என்றான். அவனுக்காகக் காத்திருக்க முடியாது, பிற்பகல் அஸர் தொழுகையோடு அடக்கிவிடுவோம் என்று ஹஸ்ஸான் சொன்னபோது ஹியாம் தலையசைத்தாள்.

"அண்ணன் கடைசியா என்ன சொன்னார், மதனி?" என்று கேட்டான் ஹஸ்ஸான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"டயரைப் பாக்கச் சொன்னார். காத்து கம்மியா இருக்கும்னார்."

ஹஸ்ஸான் கண்ணைத் துடைத்தான். "மூச்சு பிரியுறப்ப கலிமா ஏதும்..."

"நான் கீழ இருந்தேன். வண்டியில."

அவன் எழுந்து வாசலில் நின்றவர்களிடம் போனான்.

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியதும் ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். படிக்கட்டு குறுகல். மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹியாம், அழுதுகொண்டிருந்த பெண்களைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"திருப்பத்துல தலைப்பக்கத்தை உசத்திப் புடிங்க. எடப்பக்கச் சுவர் துருத்திக்கிட்டு இருக்கும், கை இடிக்கும். அதுக்கு அடுத்த படி உடைஞ்சது, அதுல காலை வைக்காதீங்க."

அவர்கள் அவள் சொன்னபடியே செய்தார்கள். எங்கும் இடிக்காமல் அவர் இறங்கிப் போனார்.

பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். உம் ரபீஃ சீனி போடாத காபியைக் கொண்டுவந்தாள். அப்போதுதான் ஹியாமின் போன் அடித்தது. மிஷினை இரவல் கொடுத்த தர்ம அமைப்பின் பெண். வழக்கமான விசாரிப்பு. மகன் பெயரைச் சேர்த்து நஸீஹை அபூ வலீத் என்றுதான் அவள் சொல்வாள்.

"அபூ வலீத் எப்படி இருக்கார்மா? மிஷின் ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுது. அவர் காலையில மௌத்தாயிட்டார்."

அந்தப் பெண் துஆ சொன்னாள், ஆறுதல் சொன்னாள். மிஷின் என்று எதையோ ஆரம்பித்து, மறுபடி ஆறுதலுக்கே போனாள்.

"மிஷினுக்கு ஆள் காத்திருக்காங்களா?" என்று கேட்டாள் ஹியாம்.

"இப்ப அதைப் பத்திப் பேச வேணாம்மா. மூணு நாள் போகட்டும்."

"யாரு?"

"ஒரு பொம்பளை. உங்க மீனாவுலதான். ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பிட்டாங்க. புருஷன் தினமும் போன் போட்டுக்கிட்டே இருக்கார்."

"இன்னைக்கே வரச் சொல்லுங்க."

மையவாடியில் அடக்கிவிட்டு ஆண்கள் திரும்புவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். முன்திர் என்று பெயர். இனிப்புக் கடையில் பாகு காய்ச்சுகிறவர். ஹியாமின் வயதுதான் இருக்கும். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. வாசலில் நின்று, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"மன்னிச்சுக்கங்க. இன்னைக்குப் போய் வந்து நிக்கிறேன். வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அவ ராத்திரியைத் தாண்டுவாளான்னு..."

"உள்ள வாங்க."

ஹஸ்ஸானின் மனைவி அவள் முழங்கையைப் பிடித்தாள். "புருஷன் போய் இத்தாவுல இருக்கிறவ நீ. அந்நிய ஆம்பளை முன்னாடி போகாத. உம் ரபீஃ எடுத்துக் குடுக்கட்டும்."

"உம் ரபீஃக்கு ஒயர் மாட்டத் தெரியாது," என்று ஹியாம் எழுந்தாள்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மிஷினை உருட்டி வந்தாள். புட்டியில் எந்தக் கோடு வரை தண்ணீர், வடிகட்டியை எப்போது கழுவுவது, குழாய் மடிந்தால் எப்படிக் கூவும், எல்லாம் சொன்னாள். முன்திர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவருடைய கண்கள் அலைந்தன. ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் நாள் அவளும் இப்படித்தான் தலையாட்டினாள்.

"கரண்ட் போனா என்ன செய்வீங்க?"

"பேட்டரி வாங்கணும். கடைக்காரன் எதைக் குடுக்கிறானோ அதை..."

"அவன் குடுக்கிறதை வாங்காதீங்க. பக்கத்துல தேதி குத்தியிருக்கும், அதைப் பாருங்க. ஸ்டிக்கரை நம்பாதீங்க, பிளாஸ்டிக்குல குத்தினதைப் பாருங்க. மாசக்கணக்கா அலமாரியில கெடந்தது உதவாது. வண்டிக்குப் போடுறதைக் கேக்காதீங்க. அது வண்டியைக் கிளப்ப ஒரே மூச்சுல பலத்தைக் கொட்டும், அப்புறம் படுத்துரும். சோலார்க்காரங்க போடுறதைக் கேளுங்க, அதுதான் மெல்ல மெல்லக் குடுக்கும். அதையும் பாதிக்கு மேல காலி பண்ணாதீங்க. ரூமுக்குள்ள வைக்காதீங்க, பால்கனியில வைங்க. அடுப்பு பக்கம் வேணவே வேணாம்."

அவ்வளவு நீளமாக அவள் அன்று யாரிடமும் பேசியிருக்கவில்லை. கூடத்தில் ஓதிக்கொண்டிருந்தவள்கூட நிறுத்திவிட்டாள்.

முன்திர் கையை விரித்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. கடை பூட்டியிருக்கே."

ஹியாம் யோசித்தது ஒரு கணம்தான்.

"கீழ வாங்க."

முன்திர் மிஷினைச் சுமந்து இறங்க, ஹியாம் வண்டியின் மூடியைத் தூக்கி, கருப்பைக் கழற்றி, சிவப்பைக் கழற்றினாள். தூளியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மேலேயிருந்து, பேட்டரி கரண்டை மிஷினுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வர்ட்டர் பெட்டியையும் கொண்டுவந்து, எந்த ஒயர் எதில் என்று காட்டி, அவரையே ஒருமுறை மாட்டச் சொன்னாள். அவர் முதலில் சிவப்பைத் தவறான முனைக்குக் கொண்டுபோனார். அவள் காத்திருந்தாள். இரண்டாம் முறை சரியாக மாட்டினார்.

"இது வண்டி பேட்டரிதான். நாலஞ்சு நாளைக்குத் தாங்கும். அதுக்குள்ள நல்லதா வாங்கிக்கங்க."

"உங்க வீட்டுக்கு?"

"வீட்டுக்கு எதுக்கு?"

அவர் தூளியைத் தோளில் மாட்டிக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் மையவாடிக்குப் போனவர்கள் தெருமுனையில் திரும்பினார்கள். ஹஸ்ஸான் முன்னால் வந்தான். கால்சட்டையின் முழங்காலில் ஈரமண் அப்பியிருந்தது. திறந்த வண்டியை, வெறும் பேட்டரித் தட்டை, அந்நிய ஆளின் தோளில் தொங்கிய தூளியைப் பார்த்தான்.

"என்ன மதனி இது?"

"பேட்டரியைக் குடுத்தேன்."

"வண்டி?"

"வண்டி இங்கயேதான் நிக்குது."

"நாளைக்கு எங்க வீட்டு வாசலுக்கு ஓட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். சிவப்பு நம்பரை வாடகைக்கு விட்டா உங்களுக்குத்தான் மாசாமாசம் ஏதாவது வரும். நான் எனக்காகவா கேக்குறேன்? யாரு என்னன்னு தெரியாத ஆளுக்கு..."

"அவர் வீட்டம்மாவுக்கு மூச்சு முட்டுது, ஹஸ்ஸான்."

முன்திர் தூளியைத் தரையில் வைக்கக் குனிந்தார். "சகோதரரே, நான் வேற..."

"தூக்குங்க," என்றாள் ஹியாம். அவள் குரல் உயரவில்லை. "எறக்கி வைக்காதீங்க. எறக்கி எறக்கித் தூக்கினாதான் முதுகு போகும்."

ஹஸ்ஸான் முழங்கால் மண்ணைத் தட்டினான். போகாத மண்ணை மறுபடி தட்டினான். பிறகு மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்து, தெருவில் நின்ற மிட்டாய்க் கடைச் சின்ன வேனில் ஏற்ற உதவினான். வேன் போனதும் மெர்சிடிஸின் மூடியை அவனே இறக்கிச் சாத்தினான். சாத்திய கையை அதன் மேலேயே கொஞ்சநேரம் வைத்திருந்தான்.

"டயரும் எறங்கித்தான் கெடக்கு," என்றான்.

மேலே கூடத்தில் கூட்டம் அதிகமாகியிருந்தது. ஆண்கள் உம் ரபீஃயின் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஹியாமுக்குச் சுவரோரம் இடம் விட்டார்கள். யாரோ பேரீச்சம்பழத் தட்டை மடியில் வைத்தார்கள், யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டில் கிடந்த இடத்தை யாரோ பெருக்கித் துடைத்திருந்தார்கள். ஓதுகிறவள் மறுபடி ஆரம்பித்தாள். குரல் நன்றாக இருந்தது.

பாதி வசனத்தில் விளக்கு அணைந்தது. அரசாங்கக் கரண்டும் போய்விட்டது, ஜெனரேட்டர்காரனின் நேரம் இன்னும் வரவில்லை. ஓதுகிறவள் நிறுத்தினாள். மங்கிய கூடத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, பழக்கத்தில், எல்லோரும் ஹியாமைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள். ஊன்றிய கையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உம் ரபீஃ எழுந்து போய்ப் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள். கடல் பக்கத்திலிருந்து, மறையப் போகும் வெயில் கொஞ்சம் உள்ளே வந்து, பெண்களின் கால்களுக்கு நடுவில் தரையில் கிடந்தது.