ஒட்டுப்போட்ட சொற்கள்

கடைசியாக அவள் வாசித்த சொல் ‘மடித்தாள்’. அதற்கு முன் துவைத்தாள், பிழிந்தாள், உலர்த்தினாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன் உட்கார்ந்திருந்த என் மனைவி, தாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“இத்தனை வேலையையும் ஒருத்தியே செய்றா. பாவம், அவளுக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுங்க.”

“நீயே போய் வாங்கிக் குடு.”

போனாள். பேச்சு ஆய்வுக்கூடத்தில் ஒலிப்பதிவும் வெட்டுவதும் என் வேலை. வழக்கம்போல் சொற்களை மட்டும் தனித்தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தேன். பேச்சும் சிரிப்பும் எப்போதும் மிச்சத்தில்தான் சேரும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

ஆய்வை நடத்தும் பேராசிரியையை அவள் ‘ஊசி போடாத டாக்டர்’ என்பாள். அவருடைய கேள்வி இதுதான்: செய்தது ஆணா பெண்ணா என்பது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. கேட்பவர் அந்த வால் வரும்வரை காத்திருக்கிறாரா, முன்பே பிடித்துவிடுகிறாரா? கேட்க வருகிறவர்களுக்கு ஹெட்போன் மாட்டி, ஆண் படம் ஒட்டியது ஒன்றும் பெண் படம் ஒட்டியது ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள் கொடுப்போம். தெரிந்த உடனே அழுத்த வேண்டும். வாசிக்கும் குரலில் உணர்ச்சி கலக்கக் கூடாது. அவளுக்கு அதுதான் பெரும்பாடு.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆண்பால் சொல் பாதிக்கு மேல பாக்கி இருக்கு சார். எல்லாம் ஒரே குரல்ல இருந்தாகணும். வேற ஒருத்தர வச்சு முதல்லேர்ந்து எடுக்கறதுதான் வழி.”

“அப்ப இவ வாசிச்சதெல்லாம்?”

அவர் கையிலிருந்த சொற்பட்டியலை மூடினார்.

“வேணாம் மேடம். இருக்கறத வச்சே நான் ஒட்டித் தரேன்.”

‘மடித்தாள்’ என்பதில் ‘மடித்தா’ வரை வைத்துக்கொண்டு, அவளுடைய ‘படித்தான்’ என்பதிலிருந்து ‘ன்’னை நறுக்கி ஒட்டினேன். ‘மடித்தான்’ ஆயிற்று. இப்படியே ஒவ்வொன்றாக. திரையில் அலைகள் சேரும் இடம் எனக்கே தெரியாதபடி இழைத்தேன். அவள் குரல் அந்தக் கூடத்தில் வேலையில் இருக்க வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்த மைத்துனிக்கு ஹெட்போனை மாட்டினேன். கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்காவேதான் மாமா. எங்க ஒட்டினீங்கன்னே தெரியல. வாங்க, வந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க.”

கேட்க வந்தவர்களும் குறை சொல்லவில்லை. ஆனால் பேராசிரியை என்னை அழைத்து, திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார்; ஒட்டாத சொற்களுக்கு ஒன்று, ஒட்டியவற்றுக்கு ஒன்று. ஒட்டிய சொற்களில் எல்லாருடைய விரலும் தாமதம்.

“உங்க கைவேலையில குறையில்ல சார். ‘ள்’ சொல்லப் போற நாக்கு ‘தா’வுலயே மேல வளைய ஆரம்பிச்சிடுது. காது அதைப் பிடிச்சிக்குது. அப்புறம் ‘ன்’ வந்தா தடுமாறுது. கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது.”

“நான் ஒரு தடவ உக்காந்து பாக்கறேன்.”

“உங்களுக்கு எதுக்கு சார் இது?”

உட்கார்ந்தேன். ஒட்டிய ஒவ்வொரு சொல்லுக்கும் என் விரல் பெண் படத்தைத்தான் அழுத்தியது. ‘ன்’ வருவது எனக்குத் தெரியும், நான் வைத்ததுதான். ஆனால் என் காதுக்குள் அவள் ‘மடித்தாள்’ என்று சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொற்கள் முடிந்த பிறகும் பேராசிரியை அறை விளக்கைப் போடாமல் வெளியே நின்றார்.

ஹெட்போனைக் கழற்றினேன். “வேற குரல் பாத்துடுங்க மேடம்.”

வானொலியில் செய்தி வாசிக்கும் ஒரு பெண் வந்தார். நல்ல குரல். இடையிடையே தண்ணீர் கேட்பார், தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவார். மிச்சத்தை இப்போது நான் அழிப்பதில்லை. என் மனைவி வாசித்த சொற்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். துவைத்தாள், பிழிந்தாள், உலர்த்தினாள். அவற்றில் ஒன்றுகூட அவள் என்னிடம் பேசியது இல்லை.

ஆய்வு முடிந்தது. பேராசிரியை தாளில் வரைந்து காட்டினார். குரல் மாறியும், என் மனைவியின் ஒட்டாத சொற்களுக்கு வந்த கோடு மாறவில்லை. சொல் முடிவதற்குள்ளாகவே விரல் பொத்தானுக்குப் போய்விடுகிறது.