வியாழக்கிழமைக் கையெழுத்து

சாஆ என்ற சிற்றூரின் கடைத்தெருவில் உள்ள அந்த மருந்துக் கடையில் பிரேமலா உதவியாளராகச் சேர்ந்து ஒன்பது வருடம். சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மருந்தாளுநர் கடையில் இல்லையென்றால் விஷ மருந்து என்று சட்டம் பெயர் வைத்திருக்கும் கட்டுப்பாட்டு மருந்துகளின் அலமாரியைத் திறக்கக் கூடாது. விற்றதை ஏட்டில் எழுதி அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தெரிந்து என்ன செய்ய? மருந்தாளுநர் ரூபேந்திரன்தான் முதலாளி. வியாழன்தோறும் தம்பியின் வியாபாரத்தைப் பார்க்கச் சிங்கப்பூர் போய்விடுவார். தோட்டத்திலிருந்து மூச்சுத்திணறலோடு மருந்துக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டு அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"சும்மா ஒரு சைன்தான் லா. நீங்களே போட்டுருங்கக்கா."

வாயால் சொன்னதுதான். எழுத்தில் ஒரு வரி கிடையாது. வால் சுழித்து முடியும் அவருடைய கையெழுத்து அவரைவிட அவளுக்கு அழகாக வந்தது. அதில் அவளுக்குப் பெருமை வேறு, பைத்தியக்காரிக்கு.

ஒரு திங்கட்கிழமை மருந்துத் துறை அமலாக்க அதிகாரி வந்தார், நடுவயது மலாய்ப் பெண்மணி. ஏட்டைப் புரட்டி, வியாழக்கிழமைகளில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டார். முதலாளிதான் என்றாள் பிரேமலா. உப்பிட்டவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அதிகாரி ரூபேந்திரனின் எல்லை கடந்த பதிவுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். அத்தனை வியாழனும் அவர் அக்கரையில்.

தனக்கு ஒன்றும் தெரியாது, கூடப்பிறந்தவளாக நம்பியதற்கு இவள் செய்த வேலை இது என்று ரூபேந்திரன் மலாயில் சொன்னார். குரல்கூட நடுங்கவில்லை. சாவி கொடுத்தது அவர், போடச் சொன்னது அவர் என்று பிரேமலா கொட்டித் தீர்த்தாள். சாட்சி உண்டா, செய்தி அனுப்பினாரா என்று அதிகாரி கேட்டார். ஒன்றும் இல்லை. முதலில் பொய் சொன்ன வாய் பிறகு உண்மை சொன்னால் யார் நம்புவார்கள்? உரிமம் வைத்திருப்பவர் என்பதால் முதலாளிக்கும் விசாரணை உண்டாம். கள்ளக் கையெழுத்து மட்டும் அவள் தலையில்.

அதிகாரி அலமாரியை எண்ணப் போன நேரத்தில் ரூபேந்திரன் பக்கத்தில் வந்தார்.

"லைசென்ஸ் போனா கடையே இல்லக்கா. கொஞ்சம் புரிஞ்சிக்கங்க."

"எம்பேரு கெட்டுப்போனா எந்தக் கடையில பாஸ் என்னைச் சேர்ப்பாங்க?"

அவர் அதிகாரி இருந்த பக்கம் நடந்தார்.

அவளுடைய வாக்குமூலம் தயாரானது. முதலாளி சொல்லித்தான் செய்தேன், எனக்காக ஒரு நாளும் செய்யவில்லை என்று இருந்தது. இரண்டு முறை படித்தாள். அவளிடம் மிச்சமிருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். கண்ணீரோடு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வால் சுழித்த ரூபேந்திரனின் கையெழுத்து அங்கே கிடந்தது.

அதிகாரி அந்தத் தாளை ஏட்டின் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். பிறகு வேறு தாளைத் தந்து, இந்த முறை உங்கள் கையெழுத்தைப் போடுங்கள் என்றார்.

பிரேமலா பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தாள். தன்னுடையது எப்படித் தொடங்கும் என்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.