சாயத்துக்குச் சிக்காத கிருமி

என் தம்பிக்கு வந்தது வழக்கமான நிமோனியாதான் என்று வார்டின் பெரிய டாக்டர் அடித்துச் சொன்னார். கடும் காய்ச்சல், எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளைத் திட்டு. பென்சிலின் வகை ஊசி போட்டார், கேட்கவில்லை. அதே வகையில் இன்னும் வீரியமானதைப் போட்டார். மூச்சிரைப்பு கூடியதுதான் மிச்சம்.

நான் அதே ஆஸ்பத்திரி லேபில் கிருமி பார்க்கும் டாக்டர். வாய் சும்மா இருக்காது. வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் ‘லவுட் ஸ்பீக்கர்’. வைத்தவன் இந்தத் தம்பிதான். அவன் என்னையே பார்த்து, “மேடம், தண்ணித் தொட்டிய மூடிட்டீங்களா?” என்று கேட்டான். காய்ச்சல் பிதற்றலில் அக்காவையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவன் சளிக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் நானே பார்த்தேன். கிருமியை எதிர்க்க வரும் சீழ் செல்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. கிருமி ஒன்றுகூட இல்லை.

“சளி சரியா எடுக்கலம்மா. வெறும் எச்சிலா இருக்கும்” என்றார் பெரிய டாக்டர்.

“எச்சில்ல இவ்வளவு சீழ் எங்க சார் வரும்? தெரு பூரா போலீஸ் நிக்குது, திருடனக் காணோம்னா, திருட்டே நடக்கலன்னு அர்த்தமா?”

அவர் முகம் சுருங்கியது. நான் விடுவதாக இல்லை.

“வயித்துப்போக்கு இருக்கு, ரத்தத்துல உப்பு குறைஞ்சிருக்கு, பிதற்றுறான். வேலையோ பெரிய கட்டடத்து ஏ.சி. தண்ணித் தொட்டி கழுவுறது. அந்தத் தண்ணியில வளர்ந்து தூவல்ல பரவுற லெஜியோனெல்லா கிருமி சார் இது. நம்ம செல்லுக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். சாயத்துக்கும் சிக்காது, பென்சிலினுக்கும் சிக்காது. சிறுநீர் டெஸ்ட் நான் பாக்கிறேன், நீங்க இப்பவே செல்லுக்குள்ள போய் அடிக்கிற அசித்ரோமைசின் போடுங்க. தப்புன்னா இனிமே வார்டு பக்கமே வர மாட்டேன்.”

“அப்போ தப்பாவே இருக்கட்டும்” என்றபடி பேனாவை எடுத்தார். ஆனாலும் மருந்தை எழுதினார், நல்ல மனிதர்.

சிறுநீர் டெஸ்ட் பட்டையில் இரண்டாவது கோடு மெல்ல எழுந்தது. லெஜியோனெல்லாவேதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். “சரி, வார்டுக்கு வந்துக்கிட்டே இரும்மா” என்றார்.

காய்ச்சல் இறங்கத் தொடங்கிய பிறகு ஒரு காலை, தம்பியின் கட்டிலருகே நின்று நர்ஸிடம் என் வெற்றியை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து மெலிந்த குரல் வந்தது.

“ஏ லவுட் ஸ்பீக்கர், வால்யூமக் குறை. மனுஷன் தூங்க வேணாமா?”

எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. குறைக்கவில்லை. அடுத்த வார்டுக்கும் கேட்கும்படி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.