பேனாவை விடாத விரல்கள்

பிரவின் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பேனாதான் அவன் விரல்களை விட்டு வரவில்லை.

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு மருத்துவமனை. மறுநாள் அவனுக்குக் குடலிறக்க அறுவை. அம்மா பவுனம்மாள் மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேனாவை உருவினாள். "என் மகன் கஞ்சன் டாக்டர். புடிச்சா விட மாட்டான்" என்று சிரித்தாள். ஏழு வருடமாகப் பழகிய சிரிப்பு.

மயக்க மருந்து டாக்டர் சிவநேசன் சிரிக்கவில்லை. "தசையில ஏதும் நோய் இருக்காம்மா?"

"ஒன்னும் இல்ல டாக்டர்."

கோப்போடு பக்கத்தில் நின்ற நர்ஸ் ஷாமினி, பவுனம்மாளின் மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் சித்தி. பிரவினுக்கு இருப்பது பரம்பரைத் தசை நோய் என்று அவர் காதில் விழுந்தால் தை மாதக் கல்யாணம் என்னாகும்? பவுனம்மாளின் கவலை அதுதான்.

"சரி, ஆப்பரேஷன் முடிஞ்சதும் வலிக்கு மார்ஃபின் போடுவோம்."

"போடாதீங்க டாக்டர்!" பிரவினின் தங்கை விஷ்ணுப்ரியா ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினாள். சாமி படத்துக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்திருந்த கிளினிக் அட்டை. "அண்ணனுக்கு தசை நோய். புடிச்ச கை சட்டுனு தளராது. இதுல எல்லாம் எழுதியிருக்கு."

டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லவேள சொன்னீங்க. மத்தவங்களுக்கு மார்ஃபின் வலிய அடக்கும். இவருக்கு மூச்சையே அடக்கிடலாம். வெட்டுற எடத்த மட்டும் மரத்துப்போக வைக்கிற ஊசியும் பாரசிட்டமோலும் குடுப்போம். கூடவே மூச்ச கவனிச்சுக்கிட்டே இருப்போம்."

"வாய மூட மாட்டியா? உன் கல்யாணத்துக்குத்தானேடி மறைச்சேன்!" என்று பல்லைக் கடித்தாள் பவுனம்மாள்.

"அண்ணன் மூச்ச குடுத்து வாங்குற தாலி எனக்கு எதுக்கும்மா? நோய் வந்தது அவமானம் இல்ல. டாக்டர்கிட்ட மறைச்சீங்களே, அதுதான் அவமானம்."

"நோயாளி ரகசியத்த நான் வெளிய சொல்ல மாட்டேன்மா" என்றார் ஷாமினி மெதுவாக.

"நீங்க சொல்ல வேணாம் ஆன்டி. அண்ணன் சரின்னா மாப்பிள்ளைகிட்ட நானே சொல்றேன்."

"சொல்லு லா. நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?" என்றான் பிரவின்.

அறுவை முடிந்த மறுநாள். விஷ்ணுப்ரியா விஷயத்தைச் சொல்லிவிட்டாள்; மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பேச்சில்லை. தங்கையின் கையைப் பிடித்த பிரவினால் அதை விட முடியவில்லை.

"வலிக்குதா?"

"கொஞ்சம் லா. மூச்சு நல்லா இருக்கு."

பார்வையிட வேறொரு டாக்டர் வந்தார். அவர் வாய் திறக்குமுன் பவுனம்மாள் எழுந்தாள். ஷாமினிக்கும், பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "டாக்டர், என் மகனுக்கு தசை நோய் இருக்கு. மருந்து எழுதறதுக்கு முன்ன இந்த அட்டைய பாருங்க."