மிர்த்திக்கு ஒத்தக் கயிறு

"இந்தக் குதிரை எப்பவும் இடது பக்கமே சுத்துது. திருவிழா ராட்டினத்துல கட்டி விடுக்கா, நல்லா சம்பாதிக்கும்."

"கத்தாதடா. மிர்த்திக்குக் கேக்குது."

"சொன்ன பேச்சைத்தான் கேக்கல, திட்டுறதையாவது கேக்கட்டும்!"

எங்க பக்கத்து வீட்டுக் கிஸ்லேனும் அவ தம்பி ஃபிர்மனும் வீட்டு முற்றத்துல நின்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆர்டென் காட்டுல மரம் வெட்டுறதுதான் அவங்க தொழில். பக்கத்துல ஒரு லாரி, பின்பலகையை இறக்கி வச்சிட்டு நின்னுச்சு. கறிக்குக் குதிரை வாங்குறவரோட லாரி. ஃபிர்மன்தான் வரச் சொல்லியிருந்தான்.

மிர்த்தி, பக்கத்துப் பள்ளத்தாக்குல தனியா இருந்த ஓடோன் பெரியவரோட குதிரை. அவர் இறந்து போனதும் அவர் மக வந்து குதிரையையும் சேணத்தையும் கிஸ்லேன்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டா. இந்தக் காட்டுப் பேரையே வச்ச பழைய ஆர்டென் சாதிக் குதிரை. குட்டைக் கால், அகலமான மார்பு, காட்டுல மரம் இழுக்கன்னே பொறந்த உடம்பு. இப்ப கறிக்காக ஊதிப்போன பெருசுகளைத்தான் எல்லாரும் வளக்குறாங்க. இந்தப் பழைய சாதியில பெண் குதிரை எங்க பக்கம் இது ஒண்ணுதான் மிச்சம். வசந்தத்துல இதுகிட்ட ஒரு குட்டி எடுத்துடணும்னு கிஸ்லேன் தவியாத் தவிச்சா.

ஃபிர்மனும் மோசமானவன் இல்ல. "ஓடைக்கரை மரத்தை இழுத்துக் குடுத்தா இருக்கட்டும். சும்மா தின்னுட்டு நிக்கிறதுக்கு நம்மால முடியாதுக்கா"ன்னு அப்பவே சொல்லிட்டான். மெஷின் இறங்க முடியாத சேறு அது.

சேணத்துல, குதிரையைத் திருப்புற கயிறு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சு, ரெண்டு பக்கத்துக்கும் புதுசா தோல் வார் வாங்கி, வளையத்துல விடாம நேரா கடிவாளத்துலயே பூட்டுனாங்க. வலது வாரை இழுத்தா மிர்த்தி மிரண்டு தலையை உதறிட்டு இடது பக்கமே போகும். வாயால சொன்னாலும் கேக்காது. ஓடோன் மனுஷங்ககிட்டயே பேசாத ஆளு, குதிரைகிட்டயா பேசியிருப்பார்?

"மேடம், எனக்கு இன்னும் ரெண்டு பண்ணைக்குப் போகணும்"னார் லாரிக்காரர்.

"அந்தப் புது வாரைக் கழட்டிட்டு ஏத்துக்கா"ன்னான் ஃபிர்மன்.

கிஸ்லேன் கழட்டுனா. கண்ணு கலங்கிருச்சு, முகத்தைக் காட்டல. ஓடோனோட பழைய கயித்தையே எடுத்து, கழுத்துப்பட்டை வளையத்துல விடப் போனா. அப்பதான் பாத்தா. இடது வளையம் கயிறு ஓடி ஓடி பாதியாத் தேஞ்சு கிடக்கு. வலது பக்கம் வளையமே இல்ல. அது இருந்த தடம்கூட இல்ல.

"ஃபிர்மன்... இன்னொரு கயிறு தொலையலடா. இருந்ததே இல்ல."

"அதுக்கென்ன இப்போ? ஏத்து."

அவ மிர்த்தியோட இடது பக்கமா நடந்தா. பலகை கிட்ட வரும்போது வேலிக்கொம்புல கயிறு மாட்டிக்கிச்சு. விடுவிக்க வெடுக்கு வெடுக்குனு உதறுனா.

மிர்த்தி வலது பக்கம் திரும்பிருச்சு. லாரியை விட்டுட்டு, நேரா லாயத்தைப் பாத்து நடந்துச்சு.

கிஸ்லேன் கயித்தை நிதானமா இழுத்தா. இடது. விட்டுட்டு மறுபடி சின்னதா வெடுக்குனா. வலது. முற்றத்தைச் சுத்தி எட்டுப் போட்டுக் காட்டுச்சு அந்தக் குதிரை. எரிச்சல்கூட இல்ல அதுக்கு. இத்தனை நாளா நீங்கதான் புரியாமப் பேசுனீங்கங்கிற மாதிரி காதை ஆட்டிக்கிட்டு நடந்துச்சு.

ஃபிர்மன் லாரிக்காரர்கிட்ட திரும்பி, "காபி குடிச்சிட்டுப் போங்க. ஆப்பிள் பழப் பணியாரமும் இருக்கு"ன்னான்.

"குதிரை?"

"அதுக்கு வேலை இருக்குங்க."

லாரிக்காரர் சிரிச்சிட்டு பலகையைத் தூக்கி மாட்டுனார். அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் கிஸ்லேனுக்கு மூச்சே வந்துச்சு. மிர்த்தி கழுத்துல முகத்தை வச்சு நல்லா அழுதா.

"ராட்டினம்னு சொன்னேல்ல, மன்னிப்புக் கேளுடா."

"குதிரைகிட்டயா?"

"பின்ன யார்கிட்ட?"

கேட்டான். நான் வேலி பக்கத்துல நின்னு என் காதால கேட்டேன்.

மிர்த்தி இப்ப ஓடைக்கரையில மரம் இழுக்குது. ஒரு சிக்கல்தான் பாக்கி. மரத்தைச் சங்கிலியில மாட்ட அதைப் பின்னால நகர வைக்கணும், அதுக்கு ஒத்தக் கயித்துல என்ன சைகைன்னு எங்க யாருக்கும் தெரியல. உங்க பக்கம் குதிரையோ மாடோ ஒத்தக் கயித்துல ஓட்டுறவங்க இருந்தா, எப்படிச் செய்வாங்கன்னு தயவுசெஞ்சு கீழ எழுதுங்க. நான் கிஸ்லேனுக்குப் படிச்சுக் காட்டுறேன்.